தாளின்படி என் வீடு ஓடைக்கு அந்தப் பக்கமாம்

அன்பும் ஆசீர்வாதமும் பெருக, சின்சினாட்டியில் இருக்கும் அண்ணன் மகள் லவீனாவுக்கு, மலைக்குள்ளிருந்து உன் சித்தப்பா ஆஸா டாக்கெட் சொல்லச் சொல்ல, போதகர் டில்மன் எழுதியது. இங்கே நானும் கோவேறு கழுதையும் கர்த்தர் கிருபையால் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீ, உன் வீட்டுக்காரர், பிள்ளைகள், நாற்காலி மேசை எல்லாம் வெள்ளம் வடிந்து காய்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நான் சொல்ல வந்தது நடந்த வருஷம் எதுவென்றால், காட்டுப்புறாக் கூட்டம் கடைசித் தடவையாக வந்து உட்கார்ந்து எங்கள் பீச் மரக்கிளைகளையெல்லாம் ஒடித்துப் போட்ட வருஷம். அதற்கு மறு கோடையில்தான் ஜனாதிபதியை ரயிலடியில் சுட்டார்கள். எங்கள் பழைய போதகர் ஞானஸ்நானம் கொடுக்க ஓடையில் இறங்கி வழுக்கி விழுந்து, ஞானஸ்நானம் வாங்க வந்தவன் அவரைக் கரையேற்றியதும் அதே வருஷம்தான். உன் அப்பாவுக்கு அப்போது மீசை அரும்பிக்கொண்டிருந்தது. உன் காகிதத்தில் அதற்கு ஆயிரத்து எண்ணூற்று எண்பது என்று போட்டிருப்பதாகப் போதகர் சொல்கிறார். எனக்கு எண்ணும் தெரியாது, எழுத்தும் தெரியாது. புறாவைத் தெரியும்.

உன் கடிதத்தைப் போதகர் முதல் தடவை வாசித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. இரண்டாம் தடவை எழுந்து நின்றுவிட்டேன். அடுத்த தடவை கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி வாசிக்கச் சொன்னேன். முன்னோடிகளின் பேத்திகள் சங்கமாம், அதில் நீ சேர வேண்டுமென்றால் காட்டை வெட்டிக் குடியேறிய பாட்டன் ஒருத்தரைக் காகிதத்தில் காட்ட வேண்டுமாம். அதற்காக என் கொள்ளுத்தாத்தா ஜெப்தா டாக்கெட்டுக்கு அந்தக் காலத்துக் கவர்னர் கொடுத்த நிலப் பட்டாவைத் தேடி எடுத்தாய். நல்ல காரியம். பட்டாவில் என்ன இருக்கிறது? தூண்டில் முள் மாதிரி ஒரு எழுத்தைக் கொத்திவைத்த மேப்பிள் மரத்தில் தொடங்கி, ஓடையோடு ஏறி, கரடியைக் கொன்ற பாறை வரைக்கும், அங்கிருந்து இரண்டு வெள்ளை ஓக் மரங்கள் வரைக்கும். மேப்பிள் இடி விழுந்து போயிற்று. ஓக் இரண்டும் கொட்டகை ஆகிவிட்டன. எந்தப் பாறையில் கரடி செத்தது என்பது கரடிக்குத்தான் தெரியும். ஓடைக்கு எந்தப் பக்கம் என்று ஒரு வார்த்தை கிடையாது. அதோடு நீ விட்டிருக்கலாம். விடாமல் வாஷிங்டனுக்கு எழுதி, அந்தப் புறா வருஷத்துச் சென்சஸ் தாளையும் வரவழைத்துவிட்டாய். அதில் ஜெப்தா டாக்கெட் நூற்றுப் பன்னிரண்டு வயதில் உயிரோடு, ஓடைக்கு சூரியன் உதிக்கிற பக்கத்து வீட்டில் விவசாயம் பண்ணிக்கொண்டிருக்கிறாராம். அதனால் பட்டா நிலம் அந்தப் பக்கமாம். சூரியன் மறைகிற பக்கத்து வீடு, அதாவது நான் பிறந்து, வளர்ந்து, பெண்டாட்டியைப் பறிகொடுத்து, இப்போது கணப்பு ஓரம் உட்கார்ந்து இதைச் சொல்லிக்கொண்டிருக்கிற வீடு, ஸ்பர்லாக் குடும்பத்துடையதாம். தாளின்படி நானே ஒரு ஸ்பர்லாக்காம். அம்மா லவீனா, இந்த இடத்தில் போதகரே எழுதுவதை நிறுத்திவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

தாள் பொய் சொல்லவில்லை. தாளிடம் பொய் சொன்னார்கள். நான் அங்கே நின்றிருந்தேன். ஓடை நடுவில் அப்போது மாவு மில் இருந்தது. சோளம் அரைக்க எங்கள் அப்பாவும் வந்திருந்தார், எதிர்ப்பக்கத்து ஈனாக் ஸ்பர்லாக்கும் வந்திருந்தார். அப்போது இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை உண்டு. தேன்மரச் சண்டை அதற்கப்புறம்தான். எங்கள் அப்பா பார்த்து அடையாளம் வெட்டிவைத்த மரத்தை அவர்கள் சாய்த்துத் தேனெடுத்துக்கொண்டு போனார்கள், அன்றைக்கு மூடிய வாயை இரண்டு பக்கமும் இன்னும் திறக்கவில்லை, துப்பாக்கியைத் தவிர. அது கிடக்கட்டும். மில் படியில் ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். கழுத்தில் பட்டி, மடியில் தோல்பை, கையில் பேனா. மில்லுக்காரர் எங்கள் அப்பா காதில், "சாராய வரிக்காரன்டா"ன்னார். போதும், இந்த மலையில் அதற்கு மேல் சொல்ல வேண்டாம். இரண்டு வீட்டுப் பின்னாலேயும் புதருக்குள்ள ஊறல் புகைஞ்சிட்டிருந்த காலம் அது.

"எந்தெந்த வீட்லேர்ந்து எறங்கி வந்தீங்கன்னு பாத்துட்டேன், பேரை மட்டும் சொல்லுங்க"ன்னான் அந்த ஆள். சென்சஸ், சர்க்காரு, ஜனத்தை எண்ணுறாங்கன்னு என்னென்னமோ சொன்னான். ஈனாக் ஸ்பர்லாக் எங்கப்பாவ ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் கூசாமல் சொன்னார்:

"ஜெப்தா டாக்கெட்."

எங்கள் அப்பா மூட்டையைக் கீழே போட்டுவிட்டார். செத்துப் பலகாலம் ஆன எங்கள் பெரியவர் பேர்! வாரண்டு எடுத்துக்கொண்டு வருகிறவன் டாக்கெட் எங்கே என்று கேட்டால், ஊரே எங்கள் வீட்டைத்தானே காட்டும்.

"வயசு?"ன்னான் அவன்.

ஈனாக் விரல் மடக்கிப் பார்த்தார். பொய் சொன்னாலும் நியாயமான மனுஷன், செத்தவர் இருந்திருந்தால் என்ன வயசோ அதையே சொன்னார். "நூத்திப் பன்னெண்டு."

"பாத்தா அம்பதுகூட இருக்காது போல இருக்கே?"

"மோர் நெறையக் குடிப்பேன்."

அவன் எழுதிக்கொண்டான். எங்கப்பா விடுவாரா? முறை வந்ததும் நெஞ்சை நிமிர்த்தி, "ஈனாக் ஸ்பர்லாக்"ன்னார். தொழில் என்னன்னு கேட்டதுக்கு, "அடுத்தவன் கோழியத் திருடுறது"ன்னார். அதை மட்டும் அவன் எழுதலையாம், உன் தாளில் விவசாயம் என்றுதான் இருக்கிறதாமே. அவன் போனதும் ரெண்டு பேரும் மாவு மூட்டைமேல சாஞ்சு கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்புக்கு இன்னைக்கு நான் அழுதுட்டிருக்கேன்.

ஏனென்றால் நீ அதோடு நிற்கவில்லை. சங்கத்துப் பெண்கள் ஜெப்தா குடியிருந்த இடத்தில் பித்தளைப் பலகை அடிக்க வேண்டும், அதற்கு எல்லை ஊர்ஜிதமாக வேண்டும் என்று எங்கள் மாவட்டக் கோர்ட்டுக்கு மனுப் போட்டாயாம். கோர்ட்டு ஆள் போன வாரம் வந்து என் கதவில் ஒரு தாளை ஆணியடித்துவிட்டுப் போனான். வருகிற மாதம் முதல் வியாழக்கிழமை எல்லை நடக்க வருகிறார்களாம். உனக்குப் பட்டணத்தில் இது தெரியாது. சங்கிலி எடுத்துக்கொண்டு கோர்ட்டு ஆட்கள் பழைய எல்லையோடு நடப்பார்கள், மூலை மரம் இல்லாத இடத்தில் பழைய ஆட்களைக் கூப்பிட்டு, பைபிள் மேல் கைவைத்து, எது யாருடையது என்று சொல்லச் சொல்வார்கள். ஒருத்தர் சொல்வது செல்லாது. இரண்டு பேர் வேண்டும். இரண்டு பேர் இல்லையென்றால் தாள் சொல்வதே எல்லை. தாள் என்ன சொல்கிறது என்று உனக்குத்தான் தெரியுமே. நான் வியாழக்கிழமை சாயங்காலம் கழுதையையும் இரும்புச் சட்டியையும் பிடித்துக்கொண்டு எங்கே போய் நிற்பது? என் பெண்டாட்டியைப் புதைத்தது வீட்டுக்கு மேலே மேட்டில். அவளை எப்படித் தூக்கிக்கொண்டு போவது?

போதகரிடம் கேட்டேன். எங்களுக்குள் நடந்த பேச்சை அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன், அவருக்கு விருப்பமில்லை.

"நடந்ததச் சொல்லிருங்க ஆஸா. உண்மைய மறைக்கிறதும் பொய்தான்."

"சர்க்காருகிட்டப் பொய் பேரு குடுத்தோம்னு சொல்லச் சொல்றீங்களா பிரதர்? செயிலு!"

"சொன்னது உங்கப்பா."

"அவரு மேட்டுல படுத்திருக்காரு. சர்க்காருக்கு யாராவது ஒரு டாக்கெட்டு வேணும், கைக்கு எட்டுறது நான்தான்."

"அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு."

"வட்டி போட்டிருப்பாங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபமா சிரிப்பா என்று தெரியவில்லை. சரி, செயிலுக்கே போகிறேன் என்று வைத்துக்கொள், இன்னொரு சாட்சிக்கு எங்கே போவேன்? அன்றைக்கு மில்லில் இருந்தவர்களை மனசுக்குள் ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுப் பார்த்தேன். எங்கப்பா, மரம் வெட்டும்போது எந்தப் பக்கம் விழும் என்று சரியாகச் சொல்லிவிட்டு அந்தப் பக்கமே நின்றவர். ஈனாக் ஸ்பர்லாக், மோர் குடித்தும் எழுபதைத் தாண்டவில்லை. மில்லுக்காரரை மில்லோடு வெள்ளம் கொண்டுபோயிற்று. உன் அப்பா உங்கள் ஊரில் புகையைக் குடித்தே போனான். மிச்சம் ஈனாக்குடைய மகள். அன்றைக்குச் சோள மூட்டையோடு நின்றாள், இன்றைக்கும் எதிர்ப்பக்கம் தனியாக இருக்கிறாள், என்னைவிட மூத்தவள், என் புகைக்கூண்டில் உட்காரும் காக்கையை அவள் வீட்டு வாசலிலிருந்தே சுடுகிறாள். காக்கையைத்தான் குறிபார்க்கிறாளா என்பது எனக்கு இன்னும் நிச்சயமில்லை. தாளின்படி என் வீடு தன்னுடையது என்று அவளுக்குத் தெரிந்தால் வியாழன் வரைக்கும் காத்திருக்க மாட்டாள். அதனால் நான் விளக்கு ஏற்றுவதில்லை, ஜன்னல் பக்கம் போவதில்லை, இருமல் வந்தால் தலையணைக்குள் இருமுகிறேன். அவள் படியேறிச் சாட்சி கேட்பதைவிட ஸ்பர்லாக் என்று பெயர் மாற்றிக்கொள்ளலாம். இரண்டும் இந்த உயிர் இருக்கிற வரைக்கும் நடக்காது.

ஆகவே மகளே, உன் காலில் விழுந்து கேட்பதாக நினைத்துக்கொள். உடனே கோர்ட்டுக்கு எழுதி மனுவை வாபஸ் வாங்கு. தாளைக் கொளுத்து. சங்கத்தில் வேறு பாட்டனைக் காட்டு, உன் அம்மா வழியில் ஒருத்தர் செவ்விந்தியர்களிடம் பிடிபட்டுத் திரும்பி வந்தாராம், அவர் நல்லவர், யார் வீட்டையும் பறிக்க மாட்டார். உன் வீட்டுக்காரருக்கு என் விசாரிப்பு. பிள்ளைகளுக்கு முத்தம். வெள்ளமும் வழக்கும் உங்கள் வாசலுக்கு வராமல் கர்த்தர் காப்பாராக.

இப்படிக்கு, ஆஸா டாக்கெட். கீழே குறுக்கும் நெடுக்குமாய் இருப்பது என் கீறல்.

பின்குறிப்பு: ஓடை பெருகித் தபால்காரர் வராததால் கடிதம் போகாமல் கிடந்தது. நல்லதாயிற்று. மேலே சொன்னதையெல்லாம் விட்டுவிடு. மனுவை வாபஸ் வாங்காதே, வாங்கினால் ஸ்பர்லாக் கிழவி உன்னையும் சுடுவாள். நேற்றுக் காலை எதிர்க்கரையில் துப்பாக்கியோடு வந்து நின்று கத்தினாள். அவள் கதவிலும் தாளை ஆணியடித்திருக்கிறார்கள், வாசித்துக் காட்டியிருக்கிறார்கள்.

"ஏண்டா டாக்கெட்டு! ஒன் செத்த கொள்ளுத்தாத்தனுக்கு என் வீடு கேக்குதா?"

நான் அடுக்கிவைத்த விறகுக்குப் பின்னாலிருந்து, "எனக்கெதுக்கு ஒன் வீடு? என் வீடு போவுதேன்னு நானே சாவுறேன்!"ன்னேன்.

"இவ்வளவு நாளா வௌக்கு எரியல, கும்புட்டேன், நீ செத்துட்டன்னு நெனச்சேன்!"

"ஒங்கப்பா ஜெப்தாவா ஈனாக்கா? பைபிள்மேல கைய வெச்சுச் சொல்லுவியா?"

"சொல்லுவேன்டா! ஒனக்காக இல்ல, என் அடுப்படிக்காகச் சொல்லுவேன். ஒங்கப்பன் கோழித் திருட்டுன்னு சொன்னதையும் சேத்துச் சொல்லுவேன்! செயிலுன்னா ரெண்டு பேரும் போவோம், ஒனக்குப் பக்கத்து அறை மட்டும் வேணாம்!"

மனு நடந்தால்தான் இந்தத் தாளைக் கோர்ட்டு முன்னால் கிழிக்க முடியும், விட்டால் எங்களுக்குப் பிறகு எவனாவது கிண்டுவான் என்கிறாள். நியாயம்தான். அப்போதுதான் அவள் இருமினாள். லவீனா, அது சாதாரண இருமல் இல்லை. துப்பாக்கியை ஊன்றிக்கொண்டு, குனிந்து, வெகுநேரம். இரண்டு சாட்சி வேண்டும், வியாழக்கிழமை வரைக்கும் வேண்டும். அப்படியே பூட்ஸோடு ஓடையில் இறங்கிவிட்டேன், இடுப்பளவு தண்ணீர். அவள் படியில் ஏறினேன். "மிதியடியில காலைத் தொடச்சுட்டு வாடா"ன்னாள். விறகு பிளந்து போட்டேன். என் முட்டையிடும் கோழியையே அடித்துச் சாறு வைத்துக் கொண்டுபோனேன், உப்பு ஜாஸ்தி என்றாள், குடித்தாள். பன்றிக்கொழுப்பில் கற்பூரம் குழைத்து நெஞ்சில் தடவச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், அவளை அக்கா என்று கூப்பிட்டேன், போதகர் சாட்சி. இப்போது ஜன்னலிலேயேதான் உட்கார்ந்திருக்கிறேன், அவள் புகைக்கூண்டில் புகை வருகிறதா என்று பார்த்துக்கொண்டு. கொஞ்சம் மெலிந்தால் பூட்ஸை மாட்டிக்கொள்கிறேன். நீ வியாழனுக்கு முன்னாலேயே காரில் வந்துவிடு, நல்ல கம்பளி ஒன்றும் இருமல் மருந்தும் கொண்டுவா, அவளைத் தண்ணீரில் கால் நனையாமல் கோர்ட்டு ஆட்கள் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஜெப்தா நூற்றுப் பன்னிரண்டு வரைக்கும் இருக்கவில்லை, கூரை மேய ஏறி விழுந்து போனவர், பித்தளைப் பலகையில் வயதை மட்டும் மாற்றச் சொல். சங்கத்துப் பெண்களை ஜெபமும் பண்ணச் சொல். யாருக்காக என்று கேட்டால், எங்கள் வீட்டில் இத்தனை வருஷமாக யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர் அது, நானே சொல்கிறேன், போதகர் எழுதட்டும். அன்றைக்கு அந்த மில்லில் நின்றவர்களில் என்னைத் தவிர இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருப்பது ஒரே ஒருத்தி: டெல்ஃபா ஸ்பர்லாக்.