செல்வராணி ஆயிருச்சு!

தொங்குகிற எதைப் பார்த்தாலும் என் கை சும்மா இருக்காது. பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் சட்டைப் பித்தான் தொங்கினால்கூட ஊசி நூல் தேடத் தோன்றும். இது நல்ல குணம் என்றுதான் எங்கள் வீட்டில் சொல்லி வளர்த்தார்கள். கம்ப்யூட்டர் நெட்வொர்க் வேலைக்கு வந்தவளுக்கு இது எப்பேர்ப்பட்ட வியாதி என்பதை ஜெகதாப்பட்டினத்தில் ஒரு நிக்காஹ் வீடே கூடி நின்று பார்த்தது.

அப்போது நான் படிப்பை முடித்துவிட்டு, வல்லத்திராக்கோட்டையிலிருந்து தினமும் பஸ் ஏறி, புதுக்கோட்டையில் முருகேசன் அண்ணனின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வேலை பார்த்தபடியே ஹார்டுவேரும் நெட்வொர்க்கும் கற்றுக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. அண்ணன் பாடம் நடத்துகிற ஆள் இல்லை. ஒரு பழைய சிபியூவைத் தூக்கிக் கொடுத்து, "கழட்டு, மாட்டு. ஸ்குரூ மிச்சம் இருந்தா மறுபடி கழட்டு" என்பார். (என்னிடம் ஒரு டப்பா நிறைய மிச்சம் இருந்தது.) நெட்வொர்க் கேபிளுக்குள் இருக்கும் எட்டு ஒயர்களின் வரிசையை, "ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம்" என்று பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே வருவேன். ஒருநாள் பக்கத்து சீட்டு அக்கா பயந்துபோய் எனக்குத் திருநீறு பூசிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஜெகதாப்பட்டினத்தில் ரிஸ்வானா என்ற பெண்ணின் நிக்காஹ் வந்தது. அவளுடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, சவுதியில் வேலை. எவ்வளவோ கெஞ்சியும் லீவு கிடைக்கவில்லை. மஹாலில் கூட்டம் சேர்ந்தால் செல்போன் சிக்னல் படுத்துவிடும் என்பதால், கேபிள் இழுத்து வீடியோ காலில் அவருக்கு நிக்காஹைக் காட்டும் வேலை அண்ணனுக்குக் கிடைத்தது. ஆண்கள் பக்க மேடையில் ஒரு கேமரா. பெண்கள் பக்கத்தில் மாப்பிள்ளையைப் பார்க்க ஒரு டிவி. மணப்பெண்ணுக்கு எதிரே லேப்டாப், அதில் அத்தா. எல்லா ஒயரும் வந்து சேர்கிற சின்னப் பெட்டி அந்த லேப்டாப் மேஜையிலேயே இருந்தது. (இதற்கும் ஸ்விட்ச் என்றுதான் பெயர். லைட் போடுகிற சுவிட்ச் வேறு.)

பெண்கள் வருவதற்கு முன்பே அண்ணன் எல்லாவற்றையும் மாட்டிவிட்டார். நடுவில் திரை விழுந்த பிறகு ஆண்கள் பெண்கள் பக்கம் வர முடியாதே! அதற்குத்தான் என்னை அழைத்து வந்திருந்தார். போகும்போது, "செல்வராணி, எதையும் தொடாத. சும்மா பாத்துக்கிட்டு மட்டும் இரு" என்றார். திரைக்கு இந்தப் பக்கம் நான்தான் இன்ஜினியர் என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

ரிஸ்வானா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, எங்க அத்தா எந்த விசேஷத்தையும் பாத்ததில்லக்கா. எங்களுக்காகத்தான் அங்கன கெடக்குறாரு. இதையாவது பாத்துரணும்" என்றாள். இந்தப் பெண்ணுக்காக எதுவும் செய்யலாம் என்று தோன்றியது. எதுவும் செய்யாமல் இருந்திருக்கலாம்.

மேஜை ஓரத்தில் ஒரு ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டியில் ஓர் ஓட்டை காலியாக இருந்தது. அண்ணன் அவசரத்தில் மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று எடுத்துச் சொருகினேன். 'டக்' என்ற அந்தச் சத்தத்தில் என்ன ஒரு திருப்தி! பெட்டியின் விளக்குகள் எல்லாம் படபடவென்று மின்னின. ஆகா, வேகம் கூடிவிட்டது என்று பூரித்து, லேப்டாப்புக்குள் முகத்தை நுழைத்து, "ஐயா, நல்லாத் தெரியுதா?" என்று கேட்க வாயைத் திறந்தேன்.

அவ்வளவுதான். அத்தா அசையாமல் நின்றார். டிவியில் மாப்பிள்ளை பாதிக் கொட்டாவியில் நின்றார். பெண்கள் பக்கம் கொல்லென்று சிரித்தது. அதற்குள் ரிஸ்வானாவின் அம்மாவுக்கு சவுதியிலிருந்து போன். சிக்னல் விட்டு விட்டு வந்ததால் ஸ்பீக்கரில் போட்டுக் கத்தினார்கள்.

"ஏம்மா, மகளக் காணோம். ஒரு புள்ள வாயத் தொறந்துக்கிட்டு நிக்கிது. நகரச் சொல்லு!"

"அது அப்பவே நகந்துருச்சுங்க!"

"இல்லம்மா, இங்கதான் நிக்கிது!"

திரைக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணன் குரல் வந்தது. "ஏய், பொட்டியில லைட்டு எப்படி எரியுது?"

"எல்லாம் சேந்து ஜோரா மின்னுதுண்ணே!"

"புதுசா எதையாச்சும் சொருகினியா?"

"ஒண்ணு தொங்குச்சுண்ணே..."

"அதோட இன்னொரு மொனை எங்க போகுதுன்னு பாரு."

மேஜைக்கடியில் தவழ்ந்து, பட்டுப்புடவைகளுக்கும் பர்தாக்களுக்கும் நடுவே ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அது ஒரு சுற்றுச் சுற்றி, கிளம்பிய அதே பெட்டிக்கே வந்து சேர்ந்தது.

இதற்குள் ஆண்கள் பக்கத்தில், நிக்காஹ் நடத்திவைக்க வந்த ஹஜ்ரத்துக்கு அடுத்த நிக்காஹுக்கு நேரமாகிறது, ஆரம்பித்துவிடலாம் என்று பேச்சு எழுந்தது. ரிஸ்வானா தலை நிமிர்ந்து, திரைக்கு அப்பாலும் கேட்கும்படி, "அத்தா பாக்காம நான் சம்மதம் சொல்ல மாட்டேன்" என்றாள். நான் தவழ்ந்த நிலையிலேயே கையை நீட்டி ஒயரைப் பிடுங்கினேன். விளக்குகள் நிதானத்துக்கு வந்தன. மாப்பிள்ளை மீதிக் கொட்டாவியை விட்டு முடித்தார்.

லேப்டாப்பில் அத்தா அசைந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், அறைக்கூட்டாளிகள் சூழ உட்கார்ந்திருந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் புள்ள போயிருச்சா?"

நிக்காஹ் நன்றாக நடந்தது. மகளிடம் சம்மதம் கேட்டபோது அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மேஜைக்கடியில் நானும் அழுதேன், சந்தோஷத்தில். (வெளியே வரத் தைரியம் இல்லை என்பதும் உண்மை.)

பைக்கில் திரும்பும்போது அண்ணன் திட்டவில்லை. "அது ஸ்பேருக்கு விட்ட ஒயரு. ரெண்டு மொனையையும் ஒரே பொட்டியில சொருகினா, போன சேதியே உள்ளுக்குள்ள சுத்திச் சுத்திப் பெருகும். வேற எதுக்கும் வழி இருக்காது. ஒனக்கு அடுத்த மாசம் நடத்தலாம்னு இருந்த பாடம். நீ ஒரு மஹாலுக்கே நடத்திட்ட" என்றார்.

சவுதிக் கூட்டாளி ஒருவர் அந்த வாய் திறந்த முகத்தைப் போட்டோ எடுத்து வைத்திருந்தார். அது ஜெகதாப்பட்டினம் முழுக்கச் சுற்றியது. அன்றிலிருந்து அந்த வீட்டில் எந்த வீடியோ கால் நின்றாலும், "செல்வராணி ஆயிருச்சு" என்பார்கள்.

இப்போது அத்தா ஊரோடு வந்துவிட்டார். ரிஸ்வானாதான் கணவருடன் வெளிநாட்டில் இருக்கிறாள். போன மாதம் லீவில் வந்தவள், மூன்று வயது மகளோடு கடைக்கு வந்தாள். கூடவே அத்தாவும். "இவங்கதாண்டா செல்வராணி" என்று பேத்திக்கு என்னைக் காட்டினார். குழந்தை என்னை மேலும் கீழும் பார்த்தது. முகம் சுருங்கிவிட்டது.

"இல்ல. இவங்க அசையுறாங்களே!"

என்ன செய்வது? ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு, வாயைத் திறந்துகொண்டு அப்படியே நின்றேன். குழந்தை கைதட்டியது.