வெள்ளைக் கோடு

காரின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த வெள்ளை ஸ்டிக்கர் கோடு நுனியில் கொஞ்சம் தூக்கிக்கொண்டிருந்தது. இளைய மாப்பிள்ளை சும்மா இருந்திருக்கலாம். விரலால் பிடித்து ஒரு இழு இழுத்தான். கையோடு வந்தது ஒரு முழம்தான். மீதிக் கோடு நீலக் கதவில் கிழிந்து, பல்லை இளித்துக்கொண்டு நின்றது.

"என்னங்க பண்ணினீங்க?" மனைவி வாசலில் நின்றாள்.

"அதுவா வந்துருச்சு."

"நீங்க இழுக்காமலா வந்துச்சு?"

கார் அவளுடைய அப்பாவினுடையது. மாமனார் பெயின்ட் கம்பெனியில் நிறம் சரிபார்ப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். டப்பாவைத் திறந்ததுமே, நீலத்தில் ஒரு சொட்டுக் கறுப்பு கூடிவிட்டது என்று திருப்பி அனுப்புகிற கண் அவருக்கு. போன மாதம் திடீரென்று சாவியை நீட்டி, "வண்டியை நீங்களே வச்சுக்குங்க மாப்பிள்ளை. ஆனா எப்படிக் குடுத்தேனோ அப்படியே இருக்கணும்," என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் எதற்கெடுத்தாலும் பெரிய மாப்பிள்ளைதான். சகலையின் அறிவென்ன, சகலையின் பொறுப்பென்ன. சகலையைத் தாண்டி இவனுக்குக் கிடைத்த முதல் மரியாதை அந்தச் சாவி. அதுவும் கைமாறிப் போனால் சகலை முகத்தில் எப்படி விழிப்பது?

உள்ளே போன் அடித்தது. மனைவி பேசிவிட்டு வந்தாள்.

"அம்மாதான். சாயங்காலம் ரெண்டு பேரும் வர்றாங்களாம். வண்டி எப்படி இருக்குன்னு அப்பா கேட்டுக்கிட்டே இருக்காராம்."

"கிழிஞ்சுது போ."

"அதான் ஏற்கனவே கிழிஞ்சாச்சே. பாதிக் கோடு நின்னாத்தான் அசிங்கம். மிச்சத்தையும் ஒழுங்கா எடுத்துடுங்க, தானா உரிஞ்சு விழுந்துடுச்சுன்னு சொல்லிக்கலாம்."

அவன் கத்தியோடு வந்தான். அவள் அதைப் பிடுங்கிக்கொண்டு, தலைமுடி காயவைக்கும் டிரையரைக் கையில் கொடுத்தாள். சூடு காட்டி மெதுவாக மடக்கி இழுத்ததில், கோடு சொன்னபடி கேட்டு உரிந்து வந்தது. அவனுக்கு உயிர் வந்தது. கோடு இருந்த இடத்தில் பசை மட்டும் பழுப்பாக ஒட்டிக்கொண்டு நின்றது.

மேஜையிலிருந்த நகப்பூச்சு அழிக்கும் பாட்டிலை அவன் திறப்பதற்குள் அவள் கத்தினாள். "அது பசையோட பெயின்டையும் சேத்து எடுத்துரும். சமையல் எண்ணெயைத் தடவி ஊற விடுங்க."

ஊறிய பசையைப் பழைய பிளாஸ்டிக் அட்டையால் வழித்து, சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு, இருவரும் நாலடி தள்ளி நின்று பார்த்தார்கள்.

கோடு போயிருந்தது. ஆனாலும் கோடு இருந்தது. வெயிலில் கிடந்து காரின் நீலம் எப்போதோ வெளுத்துவிட்டது. கோட்டுக்கு அடியில் வெயில் படாமல் கிடந்த இடம் மட்டும் இன்றைக்குத்தான் அடித்ததுபோல் அடர்நீலமாக மின்னியது.

"உங்கப்பா இதைப் பாத்தா?"

"தெருமுனையிலிருந்தே பாத்துருவார்."

வெளுத்த இடத்தைப் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் இரண்டு நீலமும் ஒன்றாகிவிடும் என்று அவனுக்கு ஒரு யோசனை. தோள்பட்டை கழலும் வரை தேய்த்தான். கதவின் நடுவில் தட்டளவுக்கு ஒரு வட்டம் பளபளத்தது.

"இது வரைக்கும் கோடு மட்டும்தான் இருந்துச்சு. இப்போ நிலாவும் வந்துருச்சு," என்றாள் மனைவி.

வேறு வழியில்லை. மறுபடியும் கோடு ஒட்டி மறைக்க வேண்டியதுதான். ஸ்டிக்கர் கடைக்கு ஓடினான்.

"அந்த அகலத்துல வெள்ளை தீந்துபோச்சு சார். கிளிப்பச்சை இருக்கு," என்றார் கடைக்காரர்.

"வேற எதுவும் இல்லையா?"

"கிளிப்பச்சையிலேயே பூப்போட்டது இருக்கு."

பூ வேண்டாம் என்று சொல்லுமளவுக்கு அவனுக்குப் புத்தி மிச்சமிருந்தது. வந்து ஒட்டினான். அடர்நீலம் அடியோடு மறைந்தது, நிலாவிலும் பாதி மறைந்தது. காரின் ஒரு பக்கம் வெள்ளைக் கோடு, மறுபக்கம் கிளிப்பச்சை. பச்சைப் பக்கத்தைச் சுவரோரமாக நெருக்கி நிறுத்தி முடிக்கவும் வாசலில் டாக்சி வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"படி இருக்கு, பாத்து," என்று மாமியார் கையைப் பிடித்து நடத்தி வர, மாமனார் கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். வெயில் ஒத்துக்கொள்ளவில்லையாம். காபி போடுகிறேன் என்று மனைவி உள்ளே நழுவிவிட்டாள். ஆபத்து நேரத்தில் அவள் எப்போதும் இப்படித்தான்.

"வண்டி எங்கே மாப்பிள்ளை?"

வண்டி அவர் எதிரிலேயே நின்றது. இந்த லட்சணத்தில் இருப்பது என் வண்டியா என்று அவர் குத்திக் காட்டுவதாக அவனுக்குப் பட்டது.

"இதோ, இங்கதான் மாமா."

அவர் கையை நீட்டி முன்பக்கத்தைத் தொட்டார். விசாலமான பக்கத்தை விட்டுவிட்டு, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு இடுக்கில் நுழைந்தார்.

"அங்க ஒரே தூசி மாமா. இந்தப் பக்கமா வாங்க."

"இருக்கட்டும்."

அவருடைய விரல்கள் கிளிப்பச்சையின் மேல் ஊர்ந்தன. சாவி கொடுத்த அன்றும் இப்படித்தான் தடவிப் பார்த்தார். கைதேர்ந்தவர்களின் சோதனை இப்படித்தான் இருக்கும் என்று அன்றைக்கு அவன் வியந்திருந்தான். விரல்கள் ஓரிடத்தில் நின்றன.

"இங்க ஒரு கொப்புளம் இருக்கே?"

"வெயில்ல வந்திருக்கும் மாமா."

விரல்கள் நகர்ந்தன. கோடு முடியும் வரை தடவிவிட்டு அவர் வெளியே வந்தார்.

"வெள்ளைக் கோடு பளிச்சுன்னு இருக்கு. குடுத்தபடியே வச்சிருக்கீங்க. எனக்கு ரொம்பத் திருப்தி."

அவனுக்குக் காது சூடாகிவிட்டது. ஒரு சொட்டுக் கறுப்பைக் கண்டுபிடித்தவர் கிளிப்பச்சையை வெள்ளை என்கிறார் என்றால், வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிறார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். இதைத் தாங்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. சாவியைப் பையிலிருந்து எடுத்து நீட்டிவிட்டான்.

"மாமா, அந்தக் கோடு வந்து..."

"காபி ஆறிடும், நீங்க உள்ளே போங்க," என்று மாமியார் குறுக்கே புகுந்து, மாமனாரை வாசற்படி வரை கொண்டுபோய் மகள் கையில் ஒப்படைத்துவிட்டுத் திரும்பி வந்தார். அவன் நீட்டியிருந்த சாவியை அவன் கைக்குள்ளேயே வைத்து மூடினார்.

"வெள்ளைன்னே இருக்கட்டும் மாப்பிள்ளை," என்றார் தாழ்ந்த குரலில். "அவருக்குப் பார்வை போய்க்கிட்டே இருக்கு, யாருக்கும் தெரியக்கூடாதுன்னு பிடிவாதம், பெரிய மாப்பிள்ளைன்னா ஏன் வண்டியைக் குடுக்கறீங்கன்னு துருவிக் கண்டுபிடிச்சுருவாரு, உங்களுக்குத்தான் எதுவுமே கண்ணுல படாதுன்னு சாவியை உங்ககிட்ட குடுத்தாரு."