மேலகரத்தில் எட்டு நாள் கனடா

ஐயா, அம்மையீர்,

பேருந்தே இல்லாத இடத்திலும் பேருந்தை நடத்திக் காட்டிய மனிதர் இத்தென்காசிச் சீமையில் ஒருவரே. அவர் எங்கள் டபுள் விசில் அண்ணாச்சி. பெற்றோர் அவருக்கு இட்ட பெயரை மேலகரத்தில் எவரும் அறியார். வீடு வீடாகக் கடிதம் கொடுத்து ஓய்வு பெற்ற தபால்காரனாகிய அடியேனும் அறியேன். அவருக்குக் கடிதமே வந்ததில்லை.

நடத்துனர் வேலை முடிந்தபின்னும் அவர் கழுத்திலிருந்து விசில் இறங்கவில்லை. ஒரு விசில் நிறுத்தம், இரு விசில் புறப்பாடு. கல்யாணப் பந்தியிலும், "உள்ள தள்ளி உக்காருங்க, நடுவுல எடம் கெடக்குல்லா" என்பார். ஒரு சீசனில் குற்றாலம் பேரருவியில் கூட்டம் நெருக்கியடிக்க, குளித்தவர்களை வெளியேற்ற இரண்டு விசில் ஊதினார். குளித்தவர் எவரும் நகரவில்லை. சாலையில் நின்ற சுற்றுலாப் பேருந்து நகர்ந்துவிட்டது. கொல்லத்திலிருந்து வந்த பதினான்கு பேர் ஈரத்துண்டுடன் அதன் பின்னால் ஓடினார்கள். அண்ணாச்சி சற்றும் கலங்காமல், "அடுத்த வண்டி பின்னால காலியா வருது" என்றார்.

இத்தகையவரிடம் யோசனை கேட்கும் நிலைக்கு நான் தாழ்ந்திருக்கவில்லை. அவராகவே வந்தார்.

வான்கூவரில் இருக்கும் என் மகன், மேலகரத்து வீட்டை விற்றுவிட்டு நானும் என் மனைவி செண்பகமும் அங்கேயே வந்துவிட வேண்டுமென்றான். வாங்குவதற்கு ஆளும் அமைந்தது. பத்திரப் பதிவுக்குப் பத்து நாளே இருந்தது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். எனினும் எதையும் எழுத்தில் வடிக்காமல் செய்வதில்லை. அளவுகோல் வைத்துக் கோடிழுத்து ஓர் அறிக்கை வரைந்தேன். வரவு: ஓய்வூதியம். செலவு: உறைவிடமும் உணவும் மகனுடையன, ஆதலின் இல்லை. அந்த 'ஆதலின்' எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஆகவே தேநீர்க் கடையில் அதை இருமுறை உரக்க வாசித்தேன்.

கேட்டுக்கொண்டிருந்த அண்ணாச்சி கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்தார்.

"வே போஸ்ட்டு, அங்கன முடி எங்க வெட்டுவீரு?"

மகனைத் தொலைபேசியில் கேட்டேன். அவன் சொன்ன தொகையை ரூபாயாக்கிச் சொன்னேன்.

"அந்தக் காசுக்கு தென்காசியில பஸ் ஏறி, மெட்ராசுல எறங்கி, முடிய வெட்டிட்டு, இட்லி தின்னுட்டுத் திரும்பி வரலாம். காப்பி?"

அதையும் சொன்னேன்.

"திருநவேலிக்கு ரெண்டு தடவ போயிட்டு வரலாம். சரி, பல்லு வலிச்சா?"

"மகன் இருக்கிறான் அண்ணாச்சி."

"அவன் பல்லு டாக்டரா?"

"கணினித் துறை."

"ஒங்க ரெண்டு பேருக்கும் ஆஸ்பத்திரி இன்சூரன்சு யாரு கெட்டுவா?"

"அவன்தான்."

"செலவு இல்லைன்னு எழுதியிருக்கீரே, அவன் காசு காசு இல்லியா?"

நான் பேச்சை மாற்ற விரும்பி, வான்கூவரிலும் ஆறு மாதம் சாரல் உண்டு, அருவிகளும் உண்டு என்றேன்.

"எண்ண தேச்சிக் குளிக்க விடுவானா?"

விசாரித்துச் சொல்வதாகக் கூறினேன். விசாரித்தபோது மகன் அழைப்பைத் துண்டித்துவிட்டான்.

மறுநாள் காலை அண்ணாச்சி வாசலில் நின்றார். "எட்டு நாளு இங்கனயே கனடாவுல இருந்து பாரும்வே. பொறவு கையெழுத்துப் போடும். கதவு பூட்டிக் கெடக்கணும். தெருவுல ஒருத்தன்கிட்டயும் பேசப்புடாது. வெளிய போவணும்னா சனிக்கெழம நான் மவனா வருவேன். அது வர மவனுக்கு வேல."

நான் நகைத்தேன். தனிமையை நாடும் உள்ளம் எனது என்று நாற்பது ஆண்டுகளாகச் சொல்லி வருபவன் யான். யார் யாரிடம் சொன்னேன் என்று எண்ணிப் பார்த்தால் ஊரில் பாதிப்பேர் தேறுவர்.

முதல் நாள் நாளிதழை ஏல அறிவிப்புகள் உட்பட வாசித்து முடித்தேன். இரண்டாம் நாள் அதையே மீண்டும் வாசித்தேன். செண்பகமோ யாதொரு குறையுமின்றி உண்டாள், உறங்கினாள், செல்பேசியில் பேத்தியைக் கொஞ்சினாள். நான்காம் நாள் எரிவாயு உருளை கொண்டுவந்தவரை அரைமணி நேரம் நிறுத்தி, அவர் ஊர் கடையம் என்பதையும், அவருடைய மாமனாரின் முழங்கால் நிலவரத்தையும் கேட்டறிந்தேன்.

உள்ளிருந்து செண்பகம் குரல் கொடுத்தாள்: "கனடாவுல சிலிண்டர்க்காரன் இவ்வளவு நேரம் நிப்பானாங்க?"

ஐந்தாம் நாள் மாலை, கண்ணியம் அனைத்தையும் துறந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலைக் கடந்தேன். வீட்டுக்கு எதிரே, வாய்க்கால் பாலத்தின் மேலிருந்து ஒற்றை விசில் வந்தது. தூக்கிய கால் தூக்கியபடியே நின்றேன். பிறகு உள்ளே போனேன்.

சனிக்கிழமை அண்ணாச்சி மொபெட்டில் வந்தார். செல்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அப்பா, சீக்கிரம் ஏறுங்க, மீட்டிங் இருக்கு" என்றார். குற்றாலம் போனோம். அருவியை வண்டியில் இருந்தபடியே காட்டினார். இறங்கக் காலை ஊன்றினேன். பார்க்கிங் கட்டணம் அதிகம் என்று திருப்பிவிட்டார்.

வழியில் நான் பொறுமை இழந்தேன். "இவ்வளவையும் உமக்கு யார் ஐயா சொல்லிக் கொடுத்தது?"

வண்டி மெதுவானது. தம் மகளுடன் வாழ ஆஸ்திரேலியா சென்றதையும், அதற்காக வாசுதேவநல்லூர் வீட்டை விற்றதையும் அன்றுதான் சொன்னார்.

"தங்கமான புள்ள. ஒரு கொறையும் வைக்கல. ஆனா ஏழு மாசத்துல ஒருத்தன்கூட எங்கிட்ட மீதிச் சில்லறை கேக்கலவே. வேலை பாத்த காலத்துல அதுக்குத்தான் தெனமும் சண்ட போட்டேன். திரும்பி வந்து பாத்தா, எங்க வீட்டு அடிபம்புல வேற ஒருத்தன் மொகம் கழுவுதான். அங்கன நின்னு பாத்துட்டு பஸ் ஏறிட்டேன். மேலகரத்துல ஒரு ரூம் கெடச்சிது."

தெருவில் எவரோடும் பேசக்கூடாது என்ற விதியை ஒத்திகையில் நான் காத்தது அந்த ஒரு முறைதான்.

வீட்டில் செண்பகம் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாள். "பேத்தியோட மூணு மாசம் இருந்துட்டு வருவோம், வீடு இங்கனயே நிக்கட்டும்." வாங்க இருந்தவரிடம் நானே போய் மன்னிப்புக் கேட்டேன். அறிக்கையில் 'ஆதலின் இல்லை' என்பதை அடித்தேன். என்ன எழுதுவதென்று தெரியாமல் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டேன்.

புறப்பட்ட அன்று எங்கள் வேனின் பின்பக்கத்தைத் தட்டி அண்ணாச்சி இரண்டு விசில் கொடுத்தார். நகர்ந்த சற்றைக்கெல்லாம் ஒற்றை விசில் கேட்டது. ஓட்டுநர் திடுக்கிட்டு நிறுத்தினார். அண்ணாச்சி மூச்சிரைக்க ஓடிவந்து சன்னலைப் பற்றினார்.

"வே போஸ்ட்டு, திரும்பி வாற டிக்கெட்டு இருக்கா? எடுத்துக் காட்டும்."

காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, நடத்துனர் வழக்கப்படி ஓரத்தில் நகத்தால் ஒரு கீறல் போட்டுத் தந்தார்.

இதை வான்கூவரில் இருந்து எழுதுகிறேன். இங்குப் பேருந்துகளில் நடத்துனர் இல்லை. கதவு மூடுகிறது, வண்டி போகிறது. இரண்டு விசில் கேளாமல் வண்டி நகர்வது எனக்கு இன்னமும் பிழையாகவே படுகிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் என்னையறியாமல் பின்படிக்கட்டைத் திரும்பிப் பார்க்கிறேன்.

நேற்று மகன் வீட்டை விற்கும் பேச்சை மறுபடியும் எடுத்தான். பேத்தி என் மடியில் இருந்தாள். என் நாவில் 'ஆதலின்' என்ற சொல் வந்து நின்றதை உணர்ந்தேன். ஆகவே, ஐயா, அம்மையீர், இந்தத் தாளைத் தயைகூர்ந்து பத்திரமாக வைத்திருங்கள்; நான் கையெழுத்துப் போடக் கிளம்பினால் எடுத்துக் காட்டுங்கள்.