மில் மெஷினில் வந்து விழுந்த ஜாதகம்

மரியாதைக்குரிய பெரிய மாப்பிள்ளை ராஜராஜனுக்கு, மாமனார் இராஜாங்கம் எழுதுவது. தஞ்சாவூரில் நீங்களும் பிரகதீஸ்வரியும் சுகம்தானே? உங்கள் முதுகுவலி தேவலையா? இங்கே மழைக்குக் குறைவில்லை, நாற்று தேறிவிட்டது. போனில் பேசியிருக்கலாம். ஆனால் இப்போதெல்லாம் நம்ம வீட்டுப் போனில் இருப்பது எங்கே போய் வெளியே வருமோ என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் காகிதம்.

போன மாசம் வந்து நம்ம நெல் மில்லையும் வீட்டையும் ஒரே நெட்வொர்க்கில் கோத்துக் கொடுத்தீர்கள். நல்லதுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். வீட்டில் இருந்தபடியே மில் கேமராவைப் பார்க்கிறோம். யார் மூட்டை முன்னால், யாருடையது பின்னால் என்று பிரிண்டர் மெஷினில் சீட்டு அச்சடித்து வருவதால் வரிசைச் சண்டை நின்றது. ஒயரைத் தென்னை மரங்களில் கட்டிக் கொண்டுபோனீர்களே, அதில் மூன்றாவது மரம் எருமை முதுகு சொறிகிற மரம். அது சொறியும்போதெல்லாம் உங்கள் மாமி பொன்னுத்தாய்க்கு சீரியல் நின்றுவிடும், அவளும் கம்பை எடுத்துக்கொண்டு... சரி, அது கிடக்கட்டும்.

நம்ம சின்னவள் மதிவதனிக்கு, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு ஜாதகம் போனில் வந்தது. பையன் பேர் பரிதி, எஞ்சினியர். பொருத்தம் பார்த்து முடிகிறவரை மூன்றாம் பேருக்குத் தெரியக் கூடாதில்லையா? "ஜோசியர்கிட்ட காட்டணும், வீட்டு மெஷின்ல ஒரு காப்பி எடும்மா" என்று அவளிடமே சொன்னேன். எடுத்தாள். வீட்டு மெஷின் சும்மா கிடந்தது. மில் மெஷின் அச்சடித்துத் தள்ளிவிட்டது! அங்கே இருபது பேர் நெல் அரைக்கக் காத்திருக்கிறார்கள். தன் சீட்டுதான் என்று நினைத்து நம்ம தெரு அண்ணாதுரை அதை உருவியிருக்கிறார்.

"ரோகிணி, ரிஷபம். என்னய்யா இது, மூட்டைக்கெல்லாம் ராசி போட்டு வருது?"

அந்தக் கரை ஆள் வீரையன் எட்டிப் பார்த்தார். "அட, எங்க தெரு பரிதி! தங்கமான புள்ளை. ஆனா கூட வேலை பாக்குற பொண்ணைத்தான் கட்டுவேன்னு வீட்டுல சோறு திங்காம கெடக்கானே!"

"அப்ப இந்தச் சம்பந்தம் வேணாம். பாவம், மதிவதனி!" என்றது பெண்கள் பக்கம்.

கேமராவில் கூட்டத்தைக் கண்டு நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் பொருத்தம் பார்த்து, கல்யாணத்தையும் நிறுத்திவிட்டார்கள், மாப்பிள்ளை! ஊரே சிரிக்கிறது. இனி நம்ம பெண்ணுக்கு எந்த இடம் துணிந்து வரும்? தயவுசெய்து வந்து அந்த ஒயரை அவிழ்த்துவிடுங்கள். கோபமாகச் சொல்லவில்லை, மாப்பிள்ளையைக் கோபிக்க முடியுமா? பிரகதீஸ்வரியையும் அழைத்து வாருங்கள், வாய்க்காலில் கெண்டை நன்றாக விழுகிறது. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும்.

பின்குறிப்பு: மடிக்கும்போது மதிவதனி இதைப் பிடுங்கிப் படித்துவிட்டுச் சிரிக்கிறாள்.

"நான்தாம்ப்பா வேணும்னே மில் மெஷினுக்கு அனுப்புனேன். நீங்க அவங்க வீட்டுக்குப் போயி விசாரிச்சிருந்தா, காப்பியும் பலகாரமும் குடுத்து நல்லதாவே சொல்லி அனுப்பியிருப்பாங்க. மில்லுல அஞ்சு நிமிஷத்துல உண்மை வந்துச்சா இல்லையா?"

வந்ததுதான். அதனால் ஒயர் இருக்கட்டும், மாப்பிள்ளை. இன்று காலை வலங்கைமானிலிருந்து வேறொரு ஜாதகம் வந்திருக்கிறது. அதை வீட்டு மெஷினில் எடுக்கவே கூடாது என்று பொன்னுத்தாய் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். இன்றைக்கு மில்லில் வலங்கைமான் ஆட்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அதனால் நீங்கள் வரும்போது அச்சடிக்கிற பேப்பர் இன்னும் ரெண்டு கட்டு... இதோ மில்லிலிருந்து அண்ணாதுரை கத்துகிறார், "அண்ணே, ஜாதகம் வந்து விழுந்துடுச்சு, ஓடி வாங்க!" மாப்பிள்ளை, நட்சத்திரம் என்னவென்று மட்டும் பார்த்துவிட்டு வந்து...