நீலம் பாரித்த மாப்பிள்ளை

படம் எடுக்கிறவனுக்குத் தன் மூஞ்சியின் மேல் மட்டும் ஆசை வரவே கூடாது. எனக்கு வந்தது, அதுவும் பெண் பார்க்கிற நேரத்தில்.

அப்போது பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்தேன். புதிதாக ஒரு இங்க்ஜெட் பிரிண்டர் வாங்கிய திமிர் வேறு. ஊரே கலருக்கு மாறியபோது நான் கறுப்பு வெள்ளைக்குத் திரும்பினேன். சும்மா கறுப்பு வெள்ளை இல்லை. நிழல் விழும் இடமெல்லாம் லேசான நீலம், வெளிச்சம் படும் இடமெல்லாம் லேசான பழுப்பு. முதல் பிரிண்ட் பச்சையாக வந்தது.

"என்னடா, பாசி புடிச்சாப்ல இருக்க?" என்றாள் அம்மா.

"இது கலைம்மா!"

"கலையோ கிலையோ, பொண்ணு வூட்டுக்குக் கலர்ல ஒண்ணு குடு."

கேட்டேனா? கலர் மையைக் கூட்டிக் குறைத்து, ஒரு கட்டுத் தாளைக் காலி பண்ணி, ஒருவழியாகக் கன்னத்தில் இளவெயிலும் தாடைக்கடியில் நிலா வெளிச்சமுமாக என்னை அச்சடித்துவிட்டேன். (என் மூஞ்சிக்கு அதெல்லாம் அதிகம்தான்.)

ஜாதகத்தோடு அந்தப் படம் அரியலூருக்கு, கவிதா வீட்டுக்குப் போனது. கவிதாவை அதற்கு முன்பே ஒரு கல்யாணத்தில் படம் எடுக்கப் போனபோது பார்த்திருந்தேன். கட்டினால் இவளைத்தான் என்று அங்கேயே முடிவு. (அந்த ஆல்பத்தில் கல்யாணப் பெண்ணைவிடக் கவிதாதான் அதிகம். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.)

ஜாதகமும் படமும் வந்தால் மஞ்சள் தொட்டுச் சாமிக்கு முன்னால் வைத்து மூன்று நாள் சகுனம் பார்ப்பது அவர்கள் வீட்டு வழக்கம். மூன்றாம் நாள் கவிதாவின் அம்மா போன் பண்ணினார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. மஞ்சளக் கரைச்சு நாலு மூலையிலயும் வச்சிருந்தோம். காலைல பாத்தா தம்பி மூஞ்சியெல்லாம் நீலம் பாரிச்சுக் கெடக்கு. சகுனம் சரியில்லங்க, வுட்டுடுவோம்."

எனக்கு உயிரே போய்விட்டது. என் பிரிண்டர் மை தண்ணீர் பட்டால் கரையும். சாய்த்து வைத்த படத்தில் மேல் மூலை ஈரம் இறங்கி, நான் பார்த்துப் பார்த்துச் சேர்த்த நீலத்தையெல்லாம் மூஞ்சியில் வழியவிட்டிருக்கிறது.

என் படத்தை இன்னொன்று அடித்துக்கொண்டு, அம்மாவோடு அரியலூர் பஸ் ஏறினேன். சித்திரை வெயில், நிற்கத்தான் இடம். போய்ச் சேரும்போது சட்டை தொப்பலாகிவிட்டது.

"இது சகுனம் இல்லீங்க, வெறும் மை. இப்ப பாருங்க," என்று அவர்கள் கண்ணெதிரே படத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றினேன்.

ஒன்றும் ஆகவில்லை. தேய்த்தேன். சிரித்த முகமாக அப்படியே இருந்தேன். பெண் வீட்டில் எடுப்பாக இருக்கட்டுமே என்று இந்தத் தடவை உசத்தித் தாளில் அடித்திருந்தேன். அந்தத் தாளில் மை கரையாது என்பது அடித்தவனுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"பாத்தீங்களா? எங்க வூட்டுச் சாமி முன்னாடி மட்டுந்தான் நீலம் வருது," என்றார் கவிதாவின் அம்மா.

கதை முடிந்தது என்று எழுந்தேன். அழுகையே வந்துவிட்டது.

"தம்பி, பாக்கெட்டுல பேனா ஒழுகுது பாருங்க," என்றார் கவிதாவின் அப்பா.

குனிந்து பார்த்தேன். சட்டைப் பை முழுக்க நீலம். அங்கே ஏது பேனா? கல்யாணத்தில் எடுத்த கவிதாவின் படம். அதே நீல நிழலோடு சாதாரணத் தாளில் அடித்து நெஞ்சோடு வைத்திருந்தேன். வேறு வழியில்லாமல் எடுத்து நீட்டினேன். என் வேர்வையில் கவிதா நெற்றி முதல் தாடை வரை நீலமாக இருந்தாள்.

"எம் பொண்ணு படம் உங்ககிட்ட எப்புடி?" என்றார் அவள் அம்மா.

என் அம்மா என்னைப் பார்த்த பார்வைக்கு நானே கரைந்திருக்க வேண்டும். உள்ளே கதவுக்குப் பின்னால் கவிதா சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். அவள் அப்பா சாமி முன்னால் இருந்த என் நீலப் படத்தை எடுத்து வந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் ஒண்ணுபோல பாரிச்சிருக்கு. இதவிட என்னடி பொருத்தம் வேணும்? போயி காப்பி போடு!"

ஆவணியில் கல்யாணம். ஆல்பம் முழுக்கக் கலர். அது கவிதாவின் உத்தரவு. ஆனால் மாமியார் மட்டும் அது மைதான் என்பதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கும் கவிதாவுக்கும் சண்டை வந்து விஷயம் அரியலூருக்குப் போனால், போனில் மகளிடம் ஒரே பதில்தான்:

"சாமி அன்னிக்கே காட்டுச்சு. நீதாண்டி கதவுக்குப் பின்னாடி நின்னு சிரிச்ச!"