மஞ்சள் சட்டை மாமா

நான் சோம்பேறி. இதை நானே சொல்லிவிடுகிறேன். என் மனைவி சொன்னால் இன்னும் விவரமாகச் சொல்லுவாள்.

கிள்ளானில் ஒரு பள்ளியில் சிறப்புக் கல்வி ஆசிரியர் நான். என் மாணவி கவிநயாவுக்குப் பன்னிரண்டு வயது, ஆட்டிசம் உள்ளவள். புது இடத்துக்குப் போவதென்றால் அங்கே என்னென்ன நடக்கும் என்று படத்தோடு முன்பே சொல்லிவிட வேண்டும். சொன்னபடி நடந்தால் நம்மைவிடத் தைரியசாலி. அதற்காக நேரில் போய்ப் படமெடுத்து, பக்கம் பக்கமாகப் புத்தகம் செய்து கொடுப்பது என் வேலை.

பிரிக்பீல்ட்ஸில் ஓர் ஓவியப் பயிற்சி வகுப்பில் சேர அவளை நேரில் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். இருந்தது ஒரே இடம். சனிக்கிழமை பதினொரு மணிக்குள் போயாக வேண்டும். கிடைத்தால் வாராவாரம் கொமுட்டர் ரயிலில்தான் பயணம். அவளோ ரயிலில் ஏறியதே இல்லை.

அந்த வெயிலில் யார் ஸ்டேஷனுக்குப் போவது? ஏஐயிடம் கேட்டேன்: “கிள்ளான் டு பிரிக்பீல்ட்ஸ் ரயில் பயணம், பத்துப் பக்கம், படத்தோடு, கொஞ்சம் ஜாலியாக.” நான் கோப்பி கலக்கி முடிப்பதற்குள் புத்தகம் தயார். ஏழாம் பக்கத்தில், ரயில் வாசலில் நின்று, மஞ்சள் சட்டை மாமா ஒருவர் சிரித்தபடி கைநீட்டி வரவேற்றார். (யார் பெற்ற மாமாவோ!) அப்படியே அச்சடித்து, லேமினேட் செய்து கொடுத்துவிட்டேன். ஐந்தே நாளில் அவளுக்கு மனப்பாடம்.

சனிக்கிழமை நானும் கூடப் போனேன். ரயில் வந்தது. கதவு திறந்தது. கவிநயா அசையவில்லை.

“மஞ்சள் சட்டை மாமா எங்க?”

“உள்ள இருப்பாரு மா, ஏறு.”

“வாசல்ல நிப்பாரு. ஏழாம் பக்கம்.”

ரயில் போய்விட்டது. அவள் அம்மா தேவி அக்கா என்னைப் பார்த்தார். “சார், அடுத்தது அரை மணி நேரம் கழிச்சுதான். அதையும் விட்டா அவ்ளோதான்.”

எதிர் பிளாட்பாரத்தில் மஞ்சள் சட்டையில் ஒரு பெரியவர்! படியேறி ஓடினேன்.

“அங்கிள், ஒரு ஹெல்ப். ரயில் வாசல்ல நின்னு கொஞ்சம் சிரிக்கணும்.”

“நான் போர்ட் கிள்ளான் போறேன் லா தம்பி. உனக்கு உடம்பு சரியில்லையா?”

மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். மனிதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டுச் சட்டையைக் கழற்றினார். பட்டப்பகலில், படிக்கட்டில், இருவரும் சட்டை மாற்றிக்கொண்டோம். அவருடையது என் வயிற்றோடு உடன்படவில்லை. மேலே இரண்டு பித்தான்கள்தான் போட முடிந்தது. என் சட்டை, நெஞ்சில் குத்திய என் பெயர் அட்டையோடு, போர்ட் கிள்ளானுக்குப் புறப்பட்டது.

அடுத்த ரயில். வாசலில் பாய்ந்து ஏறி, கைநீட்டிச் சிரித்தேன். தொப்புளும் சேர்ந்து வரவேற்றது. உள்ளே ஒரு ஆன்டி இடம் மாறி உட்கார்ந்தார்.

கவிநயா படத்தைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள்.

“அஞ்சு.”

“என்னம்மா அஞ்சு?”

“மாமாவுக்கு ஆறு விரல்.”

எட்டிப் பார்த்தேன். ஆமாம், ஆறு! அச்சடித்தபோது அது என் கண்ணில் படவே இல்லை. ஒரு பேனாவை எடுத்து விரலோடு விரலாக வைத்தேன்.

“அது பேனா சார்,” என்றாள், பரிதாபமாக.

கதவு மூடும் மணி அடித்தது. தேவி அக்கா கண்ணை மூடிக்கொண்டார். கவிநயா பையிலிருந்து கறுப்பு மார்க்கரை எடுத்தாள். படத்தில் ஆறாவது விரலைக் கோடு போட்டு அடித்தாள். மாமாவுக்கு ஒரு தொப்பையும் வரைந்தாள். ஏறினாள்.

பயிற்சி வகுப்பில் அந்த ஏழாம் பக்கத்தைத்தான் முதலில் பார்த்தார்கள். பிறகு என் வயிற்றை. இடம் கிடைத்துவிட்டது.

இன்று வீட்டில் என் பெயர் மஞ்சள் சட்டை. ஏஐயை நான் விடவில்லை. ஆனால் அந்தந்த இடத்துக்கு நானே நேரில் போய்ப் பார்க்கிறேன், லேமினேட் செய்யுமுன் கவிநயாவிடம் காட்டுகிறேன். போன வாரம் பல் மருத்துவரிடம் போவதற்கான புத்தகத்தைப் பெருமையாக நீட்டினேன்.

“எப்படி இருக்கு?”

அவள் திறக்கவே இல்லை.

“விரல எண்ணிட்டு வாங்க சார்.”