பன்னிரண்டாம் அறைக்கு நூறு மதிப்பெண்

"கவனிக்கிறீங்களா?" என்று கேட்டது டேப்லெட்.

அட்மின் அக்கா கவனிக்கவில்லை. ஐந்தாம் அறையில் டிரிப் மாற்றிவிட்டு அவள் ஓடி வருவதற்குள் ஒரு நிமிடம் கடந்துவிட்டது. பாடம் மறுபடியும் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தது. காலையிலிருந்து இது மூன்றாவது தடவை.

"இந்த மனுஷன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்" என்று பல்லைக் கடித்தாள்.

பாடம் எடுத்தவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. திரையில் எழுத்து மட்டும் ஓடும். பின்னால் அவர் குரல் வரும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தொண்டையைச் செருமிக்கொண்டு, "கவனிக்கிறீங்களா?" என்பார். உடனே 'ஆம்' என்ற பொத்தானைத் தொட வேண்டும். தொடாவிட்டால் பிள்ளையார் சுழியிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அட்மின் அக்கா இருபத்திரண்டு வருட நர்ஸ். ஆஸ்பத்திரி வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மின் ஆன நாளிலிருந்து அவள் சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. நாற்பத்தேழு பேர் கொண்ட அந்தக் குழுவில் விடிந்தால் காலை வணக்கம், பொழுது போனால் வம்பு. அதைக் கட்டி மேய்க்கவே நேரம் சரியாக இருந்ததால், நர்ஸ் பதிவைப் புதுப்பிக்கத் தேவையான ஐந்து ஆன்லைன் பாடங்களைத் தள்ளிப்போட்டே வந்தாள். இப்போது திங்கட்கிழமை. வியாழன் பகல் பன்னிரண்டு மணிக்குள் முடிக்காவிட்டால் வெள்ளிக்கிழமை அவள் ஓர் ஊசியைக்கூடத் தொடக் கூடாது. பாடத்தின் தலைப்பு: 'மருத்துவத் துறையினரும் சமூக ஊடகமும்.'

நர்ஸ்கள் அறையில் இருந்தால் ஆளாளுக்குக் கூப்பிடுவார்கள். அதனால் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு பன்னிரண்டாம் அறைக்குப் போனாள். அங்கே இருப்பவர் யாரையும் கூப்பிட மாட்டார். சாலை விபத்தில் தலையில் அடிபட்டு, வெளியூர் ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றி அனுப்பப்பட்டவர். நாற்பது நாளாகக் கண் திறக்கவில்லை. முகத்தில் பாதி கட்டு, மீதி தாடி. கோப்பில் தொழில் என்ற இடத்தில் 'ஆசிரியர்' என்று இருந்தது. அவர் மனைவி வேலை முடிந்து சாயங்காலம்தான் வருவார். காலை டியூட்டிக்காரியான அட்மின் அக்கா அந்த அம்மாளைப் பார்த்ததே இல்லை.

"காது கேட்கலாம். அப்பப்போ பேச்சுக் கொடுங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். பேச அட்மின் அக்காவுக்கு ஏது நேரம்? டேப்லெட் பேசட்டும் என்று நினைத்தாள். மேசைவரை சார்ஜர் வயர் எட்டவில்லை. வீக்கம் வராமல் இருக்க அவருடைய வலது கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்திருந்தார்கள். டேப்லெட்டை அந்தத் தலையணையிலேயே சாய்த்து வைத்தாள்.

ஒன்பது நிமிடத்தில் திரும்பி வர நினைத்தவள், குழுவில் ஒரு சண்டையைத் தீர்த்துவிட்டு ஐம்பது நிமிடம் கழித்து வந்தாள். பாடம் முடிந்திருந்தது. தேர்வும் முடிந்திருந்தது. பத்துக்குப் பத்து, நூறு மதிப்பெண்.

அட்மின் அக்கா அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஜன்னல் சாத்தியிருந்தது. இதயத் துடிப்பைக் காட்டும் கருவி சீராக ஒலித்துக்கொண்டிருந்தது. போர்வைகூடக் கசங்கவில்லை.

"ஏதோ கோளாறு. நல்ல கோளாறு" என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்தாள்.

செவ்வாய்க்கிழமையும் அதே கோளாறு நடந்தது, இரண்டு தடவை. ஆனால் அதற்குள் விஷயம் வெளியே போய்விட்டது. முழு மதிப்பெண் எடுத்தவர் பட்டியலை அந்தத் தளம் தானாகவே வெளியிடும். பிசியோதெரபி பார்க்கும் பெண் அதைக் குழுவில் போட்டுவிட்டாள்.

'அக்கா, ஒன்பதாவது கேள்விக்கு என்ன விடை? இதுவரை ஒருத்தருமே சரியா போட்டதில்லையே.'

உண்மைதான். மற்ற விடைகளெல்லாம் குழுவில் கைமாறிக்கொண்டுதான் இருந்தன. பாடத்தை முழுசாகக் கேட்ட புண்ணியவான் ஒருவரும் இல்லை. எல்லாருக்கும் தொண்ணூறு. எந்தப் பாடத்தின் தேர்விலும் ஒன்பதாவது கேள்விக்கு நான்கு விடைகளில் எதைத் தொட்டாலும் தப்பு என்றே வந்தது.

தெரியாது என்று சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். அட்மினுக்குத் தெரியாதது இருக்கலாமா? 'ஆழ்ந்து படிக்கணும்மா' என்று எழுதினாள்.

அடுத்த நொடி தலைமை நர்ஸான மேட்ரனிடமிருந்து செய்தி வந்தது. 'நல்லது. வியாழன் பதினொன்றரைக்கு எல்லாருக்கும் நீங்களே விளக்குங்க.'

அட்மின் அக்கா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

புதன்கிழமை காலை பாடத்தை ஓடவிட்டு, கதவுக்கு வெளியே சுவரோடு ஒட்டி நின்றாள். நடைபாதையில் நல்ல வெயில். உள்ளே குரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது. பிறகு செருமல். "கவனிக்கிறீங்களா?"

கருவியின் ஒலி கொஞ்சம் வேகமானது.

டிக்.

கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள். யாரும் இல்லை. அவர் கண்மூடிக் கிடந்தார். பாடம் அடுத்த பகுதிக்குப் போய்விட்டிருந்தது. அட்மின் அக்காவின் கையில் ரோமம் குத்திட்டு நின்றது. எத்தனையோ மரணங்களைப் பார்த்தவள்தான். ஆனால் மரணம் இப்படிப் பொத்தானை அழுத்தாது.

பிசியோ பெண்ணைப் பிடித்தாள். "நீதானே உள்ள போய் அமுக்கிட்டு வர்றே?"

"நானா? அந்த ரூமுக்குள்ள தனியா போகவே எனக்கு ஒரு மாதிரியா இருக்குக்கா. அந்தக் குரல் கேள்வி கேட்கும்போதெல்லாம் யாரோ மூச்சை இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருக்கு."

"மூச்சு விடுறதுக்கு அங்க ஒருத்தர்தானே இருக்காரு."

"அதான்க்கா சொல்றேன்."

சந்தேகம் தன்மேல் திரும்புவதற்குள், படிக்கிறோம் என்பதற்கு ஓர் அத்தாட்சி வேண்டும் என்று தோன்றியது அவளுக்கு. பன்னிரண்டாம் அறைக்குத் திரும்பி, டேப்லெட்டைத் தோளருகே தூக்கிப் பிடித்து, கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கி, அங்கேயே செல்ஃபி எடுத்துக் குழுவில் போட்டாள். 'கடைசிப் பாடம் மட்டும் பாக்கி.'

நான்கு கட்டைவிரல்கள் வந்தன. பிறகு பிசியோ எழுதினாள்.

'அக்கா, பின்னாடி படுத்திருக்கிறவர் உங்களையே பார்க்கிறாரே.'

அட்மின் அக்கா படத்தைப் பெரிதாக்கினாள். அவள் தோளுக்குப் பின்னால், கட்டுக்கும் தாடிக்கும் நடுவில், ஒரு கண் திறந்திருந்தது. அது கேமராவைப் பார்க்கவில்லை. டேப்லெட்டைப் பார்த்தது.

மெதுவாகத் திரும்பினாள். கண் மூடியிருந்தது. "ஐயா" என்றாள்.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. நோயாளியின் படத்தைக் குழுவில் போடக் கூடாது என்பதுதான் முதல் பாடமே. அவசரமாக நீக்கப் போனாள். 'எல்லாருக்கும் நீக்கு' என்பதற்குப் பதிலாக 'எனக்கு மட்டும் நீக்கு' என்பதைத் தொட்டாள். படம் அவள் போனிலிருந்து மட்டும் மறைந்தது. மற்ற நாற்பத்தாறு போன்களில் அந்தக் கண் திறந்தபடியே இருந்தது.

'என் போன்ல தெரியல, உங்களுக்குத் தெரியுதா?' என்று கேட்டாள்.

தெரிகிறது என்று சொல்வதற்காக ஏழு பேர் அதே படத்தை மறுபடி போட்டார்கள்.

வியாழன் பதினொன்றரைக்கு மேட்ரன் வகுப்பு அறைக்குப் போகவில்லை. நேராகப் பன்னிரண்டாம் அறைக்கு வந்தார். பின்னாலேயே பிசியோ பெண்.

"டாக்டருக்குச் சொல்லிட்டேன். இவர் வீட்டுக்காரம்மாவுக்கும் போன் போட்டிருக்கேன், வந்துட்டிருக்காங்க" என்றார் மேட்ரன். "படத்தைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். கடைசித் தேர்வை என் எதிர்லயே எழுதுங்க."

அட்மின் அக்கா டேப்லெட்டைத் தலையணையில் சாய்த்தாள். எட்டுக் கேள்விகளைத் தட்டுத்தடுமாறிக் கடந்தாள். குரல் ஒன்பதாவது கேள்வியைப் படித்தது.

"ஒரு நோயாளியின் படத்தைக் குழுவில் போட்டுவிட்டீர்கள். முதலில் என்ன செய்வீர்கள்?"

படத்தை நீக்குவேன். குழுவில் மன்னிப்புக் கேட்பேன். முகத்தை மறைத்து மறுபடி போடுவேன். மேலதிகாரியிடம் சொல்வேன்.

மேட்ரன் அவளைப் பார்த்தார். அட்மின் அக்காவின் விரல் நான்குக்கும் நடுவில் அந்தரத்தில் நின்றது.

குரல் செருமியது. "கவனிக்கிறீங்களா?"

தலையணைமேல் இருந்த கை அசைந்தது.

பிசியோ பெண் மேட்ரனின் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளுத்துப்போன ஆள்காட்டி விரல் ஒன்று துணிமேல் ஊர்ந்து திரையை அடைந்து, 'ஆம்' என்பதைத் தொட்டது. பிறகு நான்கு விடைகளில் எதையும் தொடாமல், அவற்றின் ஓரமாகவே இறங்கி, 'அடுத்து' என்பதைத் தொட்டது.

டிக்.

'சரி. முதலில் நோயாளியிடம் சொல்லுங்கள்' என்று திரையில் வந்தது.

அவர் இரண்டு கண்ணும் திறந்திருந்தன. அவளையே பார்த்தன.

பேயாக இருந்திருந்தால்கூட அட்மின் அக்கா இவ்வளவு கூசியிருக்க மாட்டாள். கட்டில் பக்கம் குனிந்தாள். "ஐயா, உங்க படத்தை நான் குழுவுல போட்டுட்டேன். தப்பு. நாலு நாளா நீங்க பதில் சொல்லிட்டிருக்கீங்க, நான் திரும்பிக்கூடப் பார்க்கலை. மன்னிச்சிடுங்க."

விரல் பத்தாவது கேள்வியையும் முடித்தது. 'இந்தத் தேர்வுகளை எழுதியவர் நீங்கள்தானா?' என்று திரை கேட்டது. மணி பதினொன்று ஐம்பத்தெட்டு. 'ஆம்' என்றால் பதிவு பிழைக்கும். மேட்ரன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவரும் ஒரு காலத்தில் நர்ஸ்தான்.

அட்மின் அக்கா கண்ணை மூடிக்கொண்டு 'இல்லை' என்பதைத் தொட்டாள். நான்கு நாள் உழைப்பு அழிந்தது. அவள் உழைப்பு இல்லை என்றாலும் வலித்தது. முதல் பாடம் முதல் வரியிலிருந்து தொடங்கியது.

"வணக்கம்" என்றது குரல். செருமியது. "கவனிக்கிறீங்களா?"

வாசலில் ஒரு பை கீழே விழுந்தது. ஓடி வந்த மூச்சிரைப்போடு ஓர் அம்மாள் நின்றிருந்தார். டேப்லெட்டைப் பார்த்தார், பிறகு கட்டிலில் திறந்திருந்த கண்களைப் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுகைக்கு நடுவிலேயே அவருக்குச் சிரிப்பு வந்தது.

"இது இவர் எடுத்த பாடமாச்சே சிஸ்டர். வாத்தியாருக்கேவா பரீட்சை வச்சீங்க?"